விருது பெற்ற கட்டடங்களும் உப்புக் காற்றும்

ஒரு கட்டடத்திற்கு விருது கிடைத்தது என்னும் செய்தியை நாளேட்டில் படிக்கிறோம். கட்டடத்தின் படம் இருக்கிறது. அதை வரைந்தளித்த கட்டடக் கலைஞரின் படமும் இருக்கிறது. பார்த்து வியந்துவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறோம். கட்டடத் தொழிலில் இருப்போரும் பெரும்பாலும் அவ்வாறே செய்கின்றனர். ‘அவர்களுக்குப் பணமும் இருந்தது, பொழுதும் இருந்தது. நமக்கோ முகூர்த்த நாளுக்குள் மண்டபம் முடிய வேண்டும்; ஆடித் தள்ளுபடிக்கு முன் கடை திறக்க வேண்டும். இந்த விருதுகளால் நமக்கு என்ன பயன்?’ என்று அவர்கள் கேட்பதுண்டு.

இக்கேள்வி நியாயமானதே. இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் கல்லூரியில் கட்டடக்கலை ஒரு பாடமாக இல்லை என்பது உண்மை. ஆயினும் நாளை வீடு கட்டப் போகிறவர்களும், கடை வைக்கப் போகிறவர்களும், கடன் கொடுக்கும் வங்கியில் அமரப் போகிறவர்களும், ஊராட்சியில் கட்டட அனுமதி வழங்கப் போகிறவர்களும் நம்முள் உள்ளனர். ஒரு கட்டடம் நல்லதா, தீயதா என்று அறிந்துகொள்ளும் தேவை அவர்கள் அனைவருக்கும் உண்டு.

உப்பு விளையும் கரை

விடையைத் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரைக்கே போவோம். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது மரக்காணம். சங்க காலத்து எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கருத்து. சாலையின் ஓரமாகவே உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி கட்டி, கோடை வெயிலில் உப்பு வாரி, வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது தொழிலை நிறுத்திவிடுவர்.

அங்கே பாத்தியில் உப்பு வாரும் பலகை மரத்தாலானது என்பது நாம் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி. உப்பு நிறைந்த இடத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு என்பதை உப்பளத் தொழிலாளர் நன்கு அறிவர். அந்த உப்பளங்களுக்கு அருகிலேயே, அதே காற்றில், இரும்புக் கம்பியை வயிற்றில் கொண்ட கான்கிரீட்டுக் கட்டடங்கள் எழுகின்றன. தங்கும் விடுதிகள், உணவு விடுதிகள், திருமண மண்டபங்கள், கடைத் தொகுதிகள் எனக் கடற்கரைச் சாலை நெடுகிலும் அவற்றைக் காணலாம்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது? சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி மெல்லியதொரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. அப்படலம் உள்ளவரை கம்பிக்குக் கேடில்லை. உப்பிலுள்ள குளோரைடு, காற்றோடும் ஈரத்தோடும் கலந்து கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே செல்கிறது. போதிய அளவில் அது கம்பியை அடைந்ததும் காப்புப் படலம் அழிகிறது, துரு தொடங்குகிறது. துருவோ, இரும்பு இருந்த இடத்தைப் போலப் பல மடங்கு இடம் கொள்வது. ஆதலால் அது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. முதலில் மயிரிழை போன்ற வெடிப்பு, பின்னர் பழுப்பு நிறக் கசிவு, அதன் பின் பூச்சும் கான்கிரீட்டும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுதல் என்று அந்நோய் முற்றுகிறது.

இந்நோய் திறப்பு விழாவன்று தெரிவதில்லை. சில ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. அதற்குள் கட்டடக் கலைஞர் தம் ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு வேறு பணிக்குச் சென்றிருப்பார். ஒப்பந்தக்காரரும் கணக்கை முடித்திருப்பார். எஞ்சியிருப்பவர் கடன் வாங்கிக் கட்டிய உரிமையாளரும், அதில் வாடகைக்குக் கடை நடத்தும் சிறு வணிகரும், அந்தக் கூரையின் கீழ் வேலை செய்யும் எளியவர்களுமே. ஒரு கட்டடத்தை எந்த நாளில் மதிப்பிடுவது என்னும் கேள்வி இங்கே எழுகிறது. விருதுகள் நமக்குக் கற்பிக்கும் முதற் பாடமும் இக்கேள்வியைப் பற்றியதே.

நடுவர் எதைப் பார்க்கின்றனர்?

உலகில் கட்டடக்கலைக்கு வழங்கப்படும் விருதுகள் பல. அவற்றுள் புகழ்மிக்க பிரிட்ஸ்கர் பரிசு 1979இல் தொடங்கியது. ஹயாத் ஓட்டல்களை நடத்திவந்த அமெரிக்கக் குடும்பம் ஒன்று அதனை நிறுவியது. அது தனி ஒரு கட்டடத்திற்குரியதன்று; உயிரோடு இருக்கும் ஒரு கலைஞரின் வாழ்நாள் பணிக்கு வழங்கப்படுவது. 2018இல் அதனைப் பெற்ற பாலகிருஷ்ண தோஷியே அப்பரிசை அடைந்த முதல் இந்தியர்.

ஆகா கான் கட்டடக்கலை விருது வேறு வகையானது. 1977இல் நிறுவப்பட்டு மூன்றாண்டுக்கு ஒரு முறை வழங்கப்படும் இவ்விருது, முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் சமுதாயங்களின் கட்டடங்களைக் கருத்தில் கொள்வது. இதன் விதிகளில் இரண்டு நம் கவனத்திற்கு உரியன. கட்டடம் முடிந்து, குறைந்தது ஓராண்டேனும் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. இறுதிப் பட்டியலுக்கு வந்த ஒவ்வொரு கட்டடத்தையும் வல்லுநர் ஒருவர் நேரில் சென்று பார்த்து, பயன்படுத்துவோரிடம் பேசி, நடுவர் குழுவிற்கு அறிக்கை தர வேண்டும் என்பது மற்றொன்று. மேலும், இப்பரிசு கட்டடக் கலைஞர் ஒருவருக்கே போவதில்லை. கட்டுவித்தவர், கட்டியவர், கைவினைஞர் என உழைத்த பலருக்கும் பங்கு உண்டு.

நம் ஊர்ப் பழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். திறப்பு விழாவன்று கொத்தனாருக்கு வேட்டி துண்டு கொடுத்துச் சிறப்பிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது பாராட்டத்தக்கது. ஆனால் ஓராண்டு கழித்து அக்கட்டடத்திற்குத் திரும்பிச் சென்று, ‘எங்கே ஒழுகுகிறது? எந்த அறையில் புழுங்குகிறது?’ என்று கேட்கும் வழக்கம் இல்லை. ஒரு பரிசின் நடுவர் செய்யும் இவ்வேலையைத் தொழில் செய்யும் கலைஞர் ஏன் தம் கட்டடத்திற்குத் தாமே செய்துகொள்ளக் கூடாது? அதற்குச் செலவு பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் பொழுதுமே.

வணிகக் கட்டடங்களும் விருது பெற்றுள்ளன

விருது என்பது கோயிலுக்கும் நூலகத்திற்கும்தான் என்று எண்ணுவோர், 1980இல் ஆகா கான் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்றவர்களின் பட்டியலைக் காண வேண்டும். தாஜ்மகால் இருக்கும் ஆக்ராவில் கட்டப்பட்ட முகல் ஷெரட்டன் ஓட்டல் அதில் இடம்பெற்றது. அது முழுக்க முழுக்க வணிகக் கட்டடம். ஆர்க்காப் என்னும் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. வானுயர எழாமல் தாழ்ந்து பரந்து, உள்ளே முற்றங்களும் தோட்டங்களும் கொண்டு, அவ்வட்டாரத்துச் செங்கல்லாலும் சலவைக்கல்லாலும் உள்ளூர்த் தொழிலாளர் கைத்திறனால் அது உருவாயிற்று. இலாபம் கருதும் கட்டடமும் தன் ஊருக்கு இசைவாக இருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

இலங்கையின் ஜெஃப்ரி பாவா, வாழ்நாள் முழுவதும் ஓட்டல்கள் பல கட்டியவர். 2001இல் ஆகா கான் விருதுக் குழு அவருடைய வாழ்நாள் பணிக்குத் தலைவர் விருது அளித்துச் சிறப்பித்தது. தம்புள்ளைக்கு அருகில் 1994இல் திறக்கப்பட்ட கண்டலம ஓட்டலின் கதை நாம் அறிய வேண்டியது. புகழ்பெற்ற சிகிரியாக் குன்றின் அடிவாரத்தில் கட்ட வேண்டும் என்பது உரிமையாளர் விருப்பமாக இருந்தது. பாவா அதனை ஏற்கவில்லை. சிகிரியாவைத் தொலைவிலிருந்து காணக்கூடிய, கண்டலம ஏரியை நோக்கிய பாறைச் சரிவைத் தேர்ந்து, உரிமையாளரை இணங்கச் செய்தார். பாறையை உடைத்துச் சமன் செய்யாமல் பாறையைத் தழுவியே கட்டடம் வளைந்து செல்கிறது. கொடிகள் அதன்மேல் படர்ந்துள்ளன. எங்கே கட்டலாகாது என்று சொல்லும் துணிவும் கட்டடக் கலைஞருக்குரிய திறனே. மரக்காணத்துக்கு அருகிலுள்ள கழுவேலி ஈரநிலம் 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த தாழ்ந்த நிலங்களில் மனை பிரிப்போர் இக்கதையை நினைவில் கொள்வது நன்று.

நம் கரையிலேயே விருது பெற்ற கட்டடம் ஒன்று உண்டு. ஆரோவில்லின் பார்வையாளர் மையமே அது. சுகாசினி அய்யர் வடிவமைத்த அக்கட்டடம், 1992இல், எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரால் வழங்கப்படும் ‘ஏழைகளுக்கான கட்டடக்கலை’ விருதினைப் பெற்றது. அதன் சுவர்களும் வளைவுகளும் அழுத்திச் செய்த மண்கற்களால் ஆனவை. செம்மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் பொறியில் வைத்து அழுத்தி, நீர் தெளித்துப் பதப்படுத்துவது இக்கல்லின் செய்முறை. சூளை வேண்டாம், விறகு வேண்டாம். அம்மையம் பார்வைக்கு வைத்த பொருளன்று. உணவகமும் கடைகளும் அதில் இயங்குகின்றன. நாள்தோறும் மக்கள் திரளாக வந்து போகின்றனர். வளைவு தன் பளுவைத் தானே தாங்குவதால் வாசலுக்கும் சாளரத்துக்கும் மேலே கம்பி இட்ட விட்டம் வேண்டியதில்லை. கம்பி இல்லாத இடத்தில் துருவுக்கு வேலையும் இல்லை.

இதனால் மண்கல்லே எங்கும் ஏற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தரையிலிருந்து உப்பு நீர் ஊறி ஏறும் இடத்தில் உயர்ந்த கடைக்காலும், ஈரம் ஏறாத தடுப்பும், மழைச்சாரலைத் தடுக்கும் அகன்ற தாழ்வாரமும் இல்லையேல் மண்கல்லும் பொரிந்து உதிரும், செங்கல்லும் அவ்வாறே. விருது பெற்ற கட்டடத்தின் தோற்றத்தை மட்டும் பார்த்து வேறிடத்தில் கட்டுவோர், மருந்தின் நிறத்தைப் பார்த்து வாங்குவோரை ஒப்பர்.

விருதும் தவறலாம்

விருது பெற்றதெல்லாம் நல்லதென்று கொள்ளலாமா? கூடாது. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் கெம்பர் விளையாட்டரங்கம் என்றொன்று கட்டப்பட்டது. உள்ளே தூண் இன்றி, வெளியே நிறுத்திய எஃகுச் சட்டங்களில் கூரையைத் தொங்கவிட்ட புதுமை அதற்கு உண்டு. 1976இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அதற்குச் சிறப்பு விருது அளித்தது. 1979 ஜூன் 4ஆம் நாள் பெருமழையும் காற்றும் வீசிய மாலையில், அக்கூரையின் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. அப்போது அரங்கில் கூட்டம் இல்லாததால் பெரும் உயிர்ச்சேதம் தவிர்ந்தது. கூரையில் விழும் மழைநீர் மெல்ல வடியுமாறு வடிகுழாய்களைக் குறைத்து அமைத்திருந்தனர். நீர் தேங்கியது, தேங்கிய பளுவால் கூரை தாழ்ந்தது, தாழ்ந்த இடத்தில் மேலும் நீர் சேர்ந்தது. காற்றில் ஆடி ஆடி ஏற்கனவே களைத்துப்போன திருகாணிகள் தாங்கவில்லை.

இந்நிகழ்ச்சி நமக்குத் தொலைவானதன்று. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய இரவில், நாற்புறமும் கைப்பிடிச் சுவர் எழுப்பி, மூலைக்கொரு சிறு குழாய் மட்டும் வைத்த மொட்டை மாடி என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அக்குழாயை ஓர் இலைச் சருகு அடைத்துக்கொண்டால் மாடி குளமாகிவிடும். அழகுக்குப் பரிசு தந்த நடுவர் அரங்கின் கூரையில் நீர் எங்கே போகும் என்பதைப் போதிய அளவு கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டும்.

சிறு மனை, சிறு செலவு

‘இவையெல்லாம் பெரிய இடத்துக் கதை, எங்கள் மனை சிறிது, பணமும் சிறிது’ என்று கூறுவோர்க்கும் விடை உண்டு. திருவனந்தபுரம் தம்பானூர்ப் பேருந்து நிலையத்தின் அருகே இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற லாரி பேக்கர் அமைத்த கட்டடம் அது. குறுகிய இடத்தில் வட்டமாக எழும்பி, சுருளாக ஏறும் சரிவுப் பாதையிலேயே மேசைகளை வைத்து, செங்கற்களுக்கு இடையே துளைகள் விட்ட சுவரால் காற்றையும் ஒளியையும் வரவழைத்திருக்கிறார். குளிர்சாதனப் பொறி இல்லாமலே மக்கள் அமர்ந்து காப்பி அருந்துகின்றனர். மாதந்தோறும் மின்கட்டணம் கட்டும் கடைக்காரருக்கு இதன் அருமை விளங்கும்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி மற்றொரு சான்று. ஆண்டனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகஷிமா உடனிருந்து கண்காணிக்க, 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் முடிந்த கான்கிரீட்டுக் கட்டடம் அது. திறந்து மூடக்கூடிய கிடைப்பலகைகள் சுவருக்குப் பதிலாக நின்று வெயிலைத் தடுத்துக் காற்றை விடுகின்றன. கடலுக்கு அண்மையில் இத்தனை ஆண்டுகளாக அது நிலைத்திருப்பதற்குக் காரணம், கட்டும்போது காட்டிய பொறுமையும், கட்டிய பின் இடைவிடாது செய்துவரும் பராமரிப்புமே. கான்கிரீட் குற்றமுடையதன்று, அவசரமே குற்றமுடையது.

இனிச் செலவைப் பார்ப்போம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், கம்பிக்கு மேல் இருக்க வேண்டிய கான்கிரீட்டுக் காப்பின் கனத்தைச் சூழலுக்கு ஏற்ப வகுத்துள்ளது. மென்மையான சூழலில் 20 மில்லிமீட்டர் போதும். கடுமையான சூழலில் 45 மில்லிமீட்டரும், கடல்நீர்த் திவலை வந்து படும் இடத்தில் 50 மில்லிமீட்டரும் வேண்டும். கான்கிரீட்டின் தரமும் எம் 20 என்பதிலிருந்து முறையே எம் 30, எம் 35 என உயர வேண்டும். கம்பியிட்ட கான்கிரீட் கலக்கும் நீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கலாகாது. உப்பளத்து ஊரில் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்துப் பாராமல் கலப்பது, நோயைக் கையோடு கொண்டுவந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

20 மில்லிமீட்டருக்கும் 45 மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு ஒரு விரற்கடை அகலம்தான். கம்பிக்கு அடியில் சரியான அளவுள்ள கவர் கட்டைகளை வைப்பதும், கான்கிரீட் போட்ட பின் குறித்த நாள் வரை நீர் ஊற்றுவதும், முகப்பில் ஒட்டும் கண்ணாடிக்கும் பளபளப்புத் தகட்டுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. ஆனால் இவை படத்தில் தெரிவதில்லை. ஆகவே பணம் முகப்பிற்குச் செல்கிறது. விரற்கடை அகலம் விடுபட்டுப் போகிறது.

வாணிகத்தின் கட்டுப்பாடுகளை நாம் மறுக்கவில்லை. உரிமையாளர் விரைவு வேண்டுவார், வட்டி ஏறுகிறது. அவர் கேட்டதைச் செய்யாவிடில் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். ஆயினும் பாவாவும் ஓர் உரிமையாளரிடமே பேசினார். ‘இந்த மாற்றத்தால் பத்தாண்டுகளில் உங்களுக்கு மிச்சமாகும் செலவு இவ்வளவு’ என்று கணக்கெழுதிக் காட்டினால் கேளாத வணிகர் குறைவு. வணிகரின் மொழியில் நன்மையை எடுத்துரைப்பது வணிகக் கட்டடக் கலைஞர் கற்க வேண்டிய கலை.

கேட்க வேண்டிய கேள்விகள்

இதுவரை கண்டவற்றைச் சில கேள்விகளாகத் தொகுக்கலாம்.

ஒன்று: இக்கட்டடம் இருக்கும் இடத்தின் காற்றும் நீரும் மண்ணும் எத்தகையவை? அவற்றுக்கேற்ற பொருள் எது?

இரண்டு: நூறாண்டில் ஒருமுறை பெய்யும் மழை இன்றிரவு பெய்தால், கூரையின் நீரும் மனையின் நீரும் எவ்வழியே செல்லும்?

மூன்று: மின்சாரம் நின்றுபோன நண்பகலில் உள்ளே இருப்போர் மூச்சு விட முடியுமா?

நான்கு: பழுது வந்தால் உள்ளூர்க் கொத்தனாரே சரிசெய்ய முடியுமா? அல்லது சென்னையிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஐந்து: ஓராண்டு கழித்து, ஐந்தாண்டு கழித்து இங்கே வந்து பார்க்கப் போகிறவர் யார்?

இவற்றுள் ஐந்தாவதே முதன்மையானது. திரும்பி வந்து பார்ப்பவருக்குத்தான் மற்ற நான்கின் விடைகளும் கிடைக்கும். கல்வியிலும் அப்படித்தானே? தேர்வு எழுதாமல் பட்டம் பெற்ற மாணவனை நாம் மதிப்பதில்லை. மழையையும் வெயிலையும் மக்களையும் சந்திக்காத கட்டடத்திற்குத் திறப்பு விழாவிலேயே புகழ்மாலை சூட்டுவதும் அது போன்றதே.

முடிவாக

விருதுகள் எல்லாருக்கும் கிடைப்பன அல்ல. கிடைக்க வேண்டுவதும் இல்லை. மரக்காணத்தில் மூன்று கடைகளைக் கட்டித் தரும் ஒருவரைத் தேடி எந்த நடுவர் குழுவும் வரப்போவதில்லை. ஆனால் நடுவர் வராத இடத்திலும் உப்புக் காற்று வருகிறது. அது கலைஞரின் பெயரைக் கேட்பதில்லை. முகப்பின் அழகைப் பார்ப்பதில்லை. கம்பிக்கு மேல் எவ்வளவு காப்பு இருக்கிறது என்பதை மட்டும் ஆண்டுக்கணக்கில், பொறுமையாகச் சோதிக்கிறது. விருதுக் குழுவை ஏமாற்றிய கட்டடம் உண்டு என்று கண்டோம். இக்காற்றை ஏமாற்ற இயலாது.

ஆகவே கட்டுவோரும் கட்டுவிப்போரும் விருது பெற்ற கட்டடங்களின் படங்களைப் பார்ப்பதோடு நில்லாமல், அவை விருது பெற்றதற்கான காரணங்களைப் படிக்க வேண்டும். நாளை நாம் ஒரு பொறியாளரிடமோ கட்டடக் கலைஞரிடமோ செல்லும்போது, ‘நீங்கள் கட்டியவற்றுள் பழைய கட்டடம் ஒன்றைக் காட்டுங்கள்’ என்று கேட்போமாக. அதைத் தயங்காமல் காட்டுகிறவரிடம் நம் பணியை நம்பி ஒப்படைக்கலாம்.